அம்மாவின் மருந்துப் பை

2025 மார்ச்சில் மகள் பிறக்கும் சமயம். கூடமாட ஒத்தாசைக்கு அம்மா திண்டுக்கல்லிலிருந்து டோக்கியோ வருவதாக முடிவானது. டிக்கெட் போட்ட அன்று இரவே வீடியோ காலில் கூப்பிட்டு, “மருந்துப் பையைக் கட்டில்ல கொட்டும்மா” என்றேன்.

“ஏன்டா, நான் என்ன கடத்திக்கிட்டா வர்றேன்?” என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டிலில் விழுந்தவை: ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தூக்கத்துக்கு அல்பிரசோலம், சளிக்கு இரண்டு அட்டை, மூக்கில் உறிஞ்சும் இன்ஹேலர், காகிதத்தில் மடித்த ஏழெட்டு வெள்ளை மாத்திரைகள் (“அது எதிர்வீட்டு அக்கா குடுத்தது, முட்டிவலிக்கு நல்லாக் கேக்குது”), பிரசவ லேகியம் ஒரு டப்பா, ஓமம், வசம்பு, அப்புறம் பெயர் எழுதாத பழுப்புப் பொடி ஒரு பாக்கெட். அது என்ன பொடி என்று அம்மாவுக்கே மறந்துவிட்டது. முகர்ந்து பார்த்து, “சுக்கு மாதிரி இருக்கு” என்றார். நரிதா விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் இதே பதிலை அம்மா சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

இந்தப் பயம் எனக்கு வந்தது 2017 பிப்ரவரியில். அப்போது நான் ஜப்பானுக்கு வந்து நாலைந்து மாதம்தான். தேவதாரு மகரந்தம் பறக்கும் பருவம். ஊரில் பாதிப் பேர் முகமூடியோடு தும்முவார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சென்பாய், அதாவது மூத்த சக ஊழியர். காலையிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். செட்டிரிசினும் சூடோஎஃபெட்ரினும் சேர்ந்த மாத்திரை. திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் “மூக்கடைப்பு” என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். சீட்டெல்லாம் கேட்டதில்லை.

சென்பாய் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். செல்போனில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு அட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கோப்பை வைத்து மூடிவிட்டு, “காபி குடிக்கலாமா” என்றார். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: “உதவி செய்ய நினைத்தாய், நன்றி. ஆனால் இதை வேறு யாரிடமும் காட்டாதே.”

சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது ஜப்பானியச் சட்டப்படி போதைத் தூண்டிக்கான மூலப்பொருள். அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுவந்தாலே குற்றம். நான் ஒரு அட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சுங்கத்தைத் தாண்டி வந்திருக்கிறேன், அதுவும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அன்று இரவே அந்த அட்டை என் வீட்டில் இல்லாமல் போனது. எப்படி என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஒரு சளி மாத்திரைக்கு இவ்வளவா என்று எனக்கு அப்போது எரிச்சல். காரணம் பிறகு படித்தபோதுதான் புரிந்தது. சூடோஎஃபெட்ரினின் நெருங்கிய உறவான எஃபெட்ரினை ஒரு மூலிகையிலிருந்து 1885இல் பிரித்தெடுத்தவர் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர். அதே எஃபெட்ரினிலிருந்து 1893இல் மெத்தாம்பெட்டமின் என்ற போதைத் தூண்டியை உருவாக்கியவரும் அவரே. 1941இலிருந்து அது ‘ஹிரோபோன்’ என்ற பெயரில் மருந்துக் கடைகளில் கிடைத்தது. களைப்புப் போக்கும், சுறுசுறுப்பு தரும் என்றுதான் விற்றார்கள். போர் முடிந்ததும் ராணுவக் கையிருப்பெல்லாம் வெளிச்சந்தைக்கு வந்து, பட்டினியோடு இருந்த ஊர் அதில் விழுந்தது. 1951இல் தனிச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். கடையில் சாதாரணமாக விற்ற மாத்திரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இந்த ஊர் ஒருமுறை பார்த்துவிட்டது. சூடுபட்ட பூனை.

சென்பாய் அன்று இன்னொன்றும் சொன்னார். 2015இல் டொயோட்டாவின் உயர் நிர்வாகியான ஓர் அமெரிக்கப் பெண்மணிக்கு அமெரிக்காவிலிருந்து பார்சலில் ஆக்ஸிகோடோன் வலி மாத்திரைகள் வந்தன. கைதாகி, மூன்று வாரம் போல உள்ளே இருந்தார். கடைசியில் வழக்கே போடாமல் விட்டார்கள். ஆனால் அதற்குள் பதவி போய்விட்டது. 1980இல் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி பெட்டியில் 200 கிராமுக்கு மேல் கஞ்சாவோடு நரிதாவில் வந்து இறங்கி, ஒரு கச்சேரிகூட நடத்தாமல் ஒன்பது நாள் காவலில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். “அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி” என்றார் சென்பாய். ‘நீ யார்?’ என்பதை அவர் சொல்லவில்லை. ஜப்பானியர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே மாதக் கடைசியில் அலுவலக விருந்து. நோமிகாய் என்பார்கள், ‘குடிக்கும் கூட்டம்’ என்றே அர்த்தம். உட்கார்ந்ததும் யாரோ “தோரியஎஸு பீரு” என்றார்கள். இப்போதைக்கு பீர், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பது அதன் சாரம். எல்லார் கையிலும் கோப்பை வரும்வரை ஒருவரும் வாய் வைக்க மாட்டார்கள். தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வதும் வழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நாம் ஊற்றுவோம், நமக்கு அவர் ஊற்றுவார். நான் குடிக்காதவன். ஊலோங் தேநீர் கேட்டேன். வந்ததை ஒரு மடக்குக் குடித்ததும் தொண்டை எரிந்தது. அது ஊலோங் ஹாய், அதே தேநீரில் ஷோச்சு சாராயம் கலந்தது. நிறம், கோப்பை, பனிக்கட்டி எல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். குடிக்காதவர்கள் “ஊலோங் சா, அருகோரு நஷி” என்று அழுத்திச் சொல்லி, முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் வைப்பது நல்லது. நான் இன்றுவரை முகர்கிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதற்கு ‘அருஹரா’ என்று ஒரு வசைச்சொல்லே வந்துவிட்டதால் முன்போல நெருக்குவதும் இல்லை.

அன்று எங்கள் பிரிவுத் தலைவர் ரயில் நிலையப் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். இருவர் முதுகைத் தடவிவிட்டார்கள், ஒருவர் தண்ணீர் வாங்கி வந்தார், நிலைய ஊழியர் மரத்தூள் போன்ற ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து தூவிப் பெருக்கினார். ஒருவர் முகத்திலும் அருவருப்பு இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தலைவர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, “நேற்றுத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்” என்று குனிந்தார். அதோடு சரி. எங்கள் ஊரில் ஒருவர் இப்படிப் பொது இடத்தில் விழுந்தால், அவர் பேரனின் கல்யாணப் பேச்சில்கூட அது வரும். நம் ஊரில் கடையை நடத்துவது அரசாங்கம், வாங்குபவர் கறுப்புப் பையில் ஒளித்துக்கொண்டு போகிறார். இங்கே பூங்காவில் செர்ரி மரத்தடியில் நீல விரிப்புப் போட்டு, குழந்தை குட்டியோடு உட்கார்ந்து, பட்டப்பகலில் குடிக்கிறார்கள். போலீஸ்காரர் பாதையை மறிக்காமல் உட்காரச் சொல்லிவிட்டுப் போகிறார்.

விருந்துக்கு மறுநாள் காலை கன்வீனியன்ஸ் கடையில் சென்பாய் சின்ன மஞ்சள் நிற பாட்டில் ஒன்றை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். ‘உகோன் நோ சிகாரா’, 200 யென் சொச்சம். உகோன் என்றால் மஞ்சள், நம் சமையலறை மஞ்சளேதான். குடிப்பதற்கு முன்போ பின்போ மஞ்சள் சாறு குடித்தால் ஈரலுக்கு நல்லது என்று இங்கே நம்பிக்கை. கேட்குமா என்று தெரியாது, ஆனால் நன்றாக விற்கிறது. “எங்க ஊர்ல இதைப் பால்ல போட்டுக் குடிப்போம், குடிச்சிட்டு வர்றவங்களுக்கு இல்ல, இருமல் வந்த குழந்தைங்களுக்கு” என்றேன். சென்பாய் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் இது மருந்தா?” என்றார்.

இத்தனை பொறுமையும் வண்டிச் சாவியைத் தொடும்வரைதான். 2006இல் ஃபுகுவோகாவில் குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி, பாலத்திலிருந்து குடும்பத்தோடு ஒரு வண்டி கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு சட்டம் ரொம்பவே இறுகியது. குடித்தவருக்கு வண்டி கொடுத்தவர், ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் ஊற்றிக்கொடுத்தவர், தெரிந்தே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர், எல்லாருக்கும் தண்டனை உண்டு. அதனால் ‘தைகோ’ என்று ஒரு தொழிலே இருக்கிறது: இருவர் வருவார்கள், ஒருவர் உங்கள் காரை ஓட்டி உங்களை வீட்டில் விடுவார், இன்னொருவர் பின்னால் தங்கள் காரில் வந்து அவரைக் கூட்டிப்போவார். 2024 நவம்பர் 1 முதல் சைக்கிளுக்கும் பிடி இறுகிவிட்டது. மூச்சுக்காற்றில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் இருந்தாலே மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். சைக்கிள்தானே என்று நினைக்கும் நம் பையன்களுக்கு இதை நான் தனியாகச் சொல்வதுண்டு. சைக்கிளை நிலையத்திலேயே பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

புகையிலை இன்னொரு கதை. டோக்கியோவின் சியோதா வட்டம் 2002இலேயே தெருவில் நடந்துகொண்டு புகைப்பதற்கு அபராதம் கொண்டுவந்தது. ஆனால் அப்போது உணவகத்துக்குள் தாராளமாகப் புகைக்கலாம். உள்ளே தடை வந்தது 2020இல்தான். நமக்குத் தலைகீழாகத் தோன்றும். தெருவில் நெருப்புமுனை எதிரே வருபவர் மேல் படும், குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கும் என்பதுதான் அவர்கள் கவலை. நுரையீரல் பேச்சு பிறகு வந்தது. புகைக்காமல் சூடுபடுத்தும் ஐகோஸ் கருவி இங்கே கடைக்குக் கடை கிடைக்கிறது. என் அறைத்தோழன் ஒருவன் அதைச் சென்னையில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாக வாங்கி, பொதி கட்டும்போதுதான் என்னிடம் காட்டினான். இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் எல்லாமே தடை. சூடுபடுத்தும் வகையும் அதில் அடங்கும். இங்கிருந்து அங்கே கொண்டுபோவதற்கும் சட்டம் உண்டு என்பது நம்மில் பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. மச்சானுக்குக் கடைசியில் கிட்கேட் போனது, பச்சைத் தேயிலைச் சுவையில்.

சட்டவிரோதப் போதை என்று வரும்போது அந்தப் படிக்கட்டுப் பொறுமையில் ஒரு துளி மிச்சமில்லை. பள்ளி, நிலையம், மருந்துக்கடை எங்கும் ஒரே வாசகம்: ‘தமே. ஸெத்தாய்.’ கூடாது, எக்காரணம் கொண்டும். 2019 மார்ச்சில் பியேர் தாகி என்ற நடிகர் கொக்கெய்ன் வழக்கில் கைதானார். ஃப்ரோஸன் படத்தின் ஜப்பானியப் பதிப்பில் ஓலாஃப் பொம்மைக்குக் குரல் கொடுத்தவர். குரலையே மாற்றினார்கள், அவர் நடித்த விளையாட்டு மென்பொருளின் விற்பனையை நிறுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் நடிகை எரிகா சவாஜிரி கைதானதும், எடுத்து முடித்த காட்சிகளைத் தூக்கிவிட்டு வேறு நடிகையை வைத்துத் திரும்ப எடுத்தது என்எச்கே தொலைக்காட்சி. வரலாற்றுத் தொடர் இரண்டு வாரம் தள்ளிப்போனது. சாப்பாட்டு வேளையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் கவனித்தேன்: அவர் உடம்பு எப்படி இருக்கிறது, சிகிச்சை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. “எத்தனை பேருக்கு மெய்வாக்கு” என்றுதான் சொன்னார்கள். மெய்வாக்கு என்றால் பிறருக்குத் தரும் தொந்தரவு. வாந்தி எடுத்த தலைவர் குனிந்து தீர்த்துக்கொண்ட தொந்தரவும் அதே சொல்தான். ஒன்று ஒரு குனிதலில் தீர்கிறது, மற்றது ஆயுளுக்கும் தீர்வதில்லை.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. டோக்கியோவின் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் சினிமா கட்டிடத்தை ஒட்டி நிற்கும் பதின்வயதுப் பிள்ளைகள் விழுங்குவது பெரும்பாலும் மருந்துக்கடையில் சட்டப்படி வாங்கிய இருமல் மாத்திரைகளையும் சளி மாத்திரைகளையும். கடைக்காரர் வயது கேட்பார், ஒரு பெட்டிதான் தருவார். அடுத்த தெருவில் அடுத்த கடை. சுவரில் ‘எக்காரணம் கொண்டும்’ என்று எழுதிவிட்டால், ஏற்கனவே விழுங்கிவிட்டவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

ஆனால் என் அபிப்பிராயம் சட்டத்தைத் தளர்த்தப் போவதில்லை. 2024 டிசம்பர் 12 முதல் கஞ்சாவை வைத்திருப்பது மட்டுமல்ல, பயன்படுத்துவதே ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கைதானால் குற்றப்பத்திரிகைக்கு முன்பே 23 நாள் வரை வைத்திருக்கலாம். தாய்லாந்து வழியாக வரும் நம் ஆட்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். அங்கே 2022இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் பிஸ்கட், மிட்டாய் என்று கடைகளில் அடுக்கிவிட்டார்கள். நண்பன் கொடுத்த மிட்டாய் என்று பையில் போட்டு நரிதாவில் இறங்கினால், நண்பன் வந்து விளக்கம் சொல்லப் போவதில்லை. யாருடைய பொட்டலத்தையும் வாங்கி வராதீர்கள், சொந்தச் சித்தப்பா கொடுத்தாலும் பிரித்துப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தைப் படித்த வாரமே சோபா நூடுல்ஸ் கடையில் சென்பாய் ஷிச்சிமி தூவினார். ஏழு சுவைப்பொடி. ஏழும் என்னென்ன என்று விரல்விட்டு எண்ணினார்: மிளகாய், சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகு, ஆரஞ்சுத் தோல், எள், கடற்பாசி, கசகசா, அப்புறம் “அசா நோ மி”. அதாவது சணல் வகைக் கஞ்சாச் செடியின் விதை. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். விதையில் போதை இல்லை, முளைக்காதபடி வறுத்தது, சட்டம் அதைத் தொடுவதில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சில கோயில்களில் தொங்கும் புனிதக் கயிற்றுக்கும் அந்த நார்தான். 2019இல் புதிய பேரரசர் பட்டமேற்ற சடங்குக்குத் தொகுஷிமாவில் வளர்த்த அதே செடியின் நாரில்தான் துணி நெய்தார்கள். 1948இல் அமெரிக்க ஆட்சிக்காலத்தில் கஞ்சாச் சட்டம் வரும்வரை அது இங்கே வெறும் பயிர்.

சரி, அம்மாவின் பைக்கு வருகிறேன். மருத்துவர் எழுதிய மருந்து ஒரு மாதத்துக்கு வேண்டியது வரை தாளில்லாமல் கொண்டுவரலாம், கடையில் நேராக வாங்கியது இரண்டு மாதத்துக்கு. அம்மா தங்குவது மூன்று மாதம். அதனால் ‘யுன்யு கக்குனின்ஷோ’ என்ற இறக்குமதிச் சான்று வேண்டும். முன்பு யக்கான் ஷோமெய் என்று சொன்னது இதைத்தான். பழைய ஆட்கள் இன்னும் அந்தப் பெயரையே சொல்வார்கள். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. திண்டுக்கல் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கச் சொன்னேன்: கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எதற்காக. டாக்டர் முதலில் கிறுக்கலாகக் கொடுத்தார். திருப்பி அனுப்பித் தட்டச்சு செய்து வாங்கினோம். சான்று வந்தபின்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

சளி அட்டை இரண்டும் வெளியே. எதிர்வீட்டு அக்காவின் முட்டிவலி மாத்திரை வெளியே. ‘சுக்கு மாதிரி’ வெளியே. லேகியத்தைப் பொருள்பட்டியல் அச்சடித்த டப்பாவாக வாங்கச் சொன்னேன். மாத்திரைகளைக் கிழமை டப்பாவில் பிரித்துப் போடாமல் அட்டையோடு வைக்கச் சொன்னேன். நம் ஊர் இன்ஹேலரில் புதினா உப்பு, கற்பூரம் போன்றவைதான். அமெரிக்காவில் அதே பெயரில் விற்பதில் வேறு சரக்கு உண்டு. இந்த வித்தியாசத்தை அம்மா நின்று விளக்க வேண்டாமே என்று அதையும் எடுத்துவிட்டேன்.

பிறகு சமையல் மூட்டை. அதில் கால் கிலோ கசகசா. விமானம் சிங்கப்பூர் வழி. சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், வளைகுடா நாடுகளிலும் அதை வைத்திருந்து மாட்டியவர்கள் உண்டு. விமானம் மாறிப் போகும் பயணிதான், பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள் என்று மனைவி சொன்னாள். எதற்கு வம்பு?

“கசகசா இல்லாம என்னடா குருமா?” என்று அம்மாவுக்கு நிஜமாகவே கோபம். “சோத்துல போடறதுக்கும் ஜெயிலா? என்ன ஊருடா அது?”

நரிதாவில் அதிகாரி படங்கள் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டையைக் காட்டி, இதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். அம்மா பதில் சொல்லாமல் காகிதங்கள் வைத்த ஃபைலை நீட்டியிருக்கிறார். அதிகாரி அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொரு தாளாகப் பார்த்து, அட்டைகளை எண்ணி, லேகிய டப்பாவை மட்டும் திறந்து முகர்ந்துவிட்டு, மறுபடி இரண்டு கையால் கொடுத்துக் குனிந்தாராம். “நம்ம ஊர் ரேஷன் கடையில கூட இவ்வளவு மரியாதையா என் காகிதத்தைப் பார்த்ததில்ல” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மகள் பிறந்து மூன்றாவது வாரம் அம்மாவை கின்ஸாவுக்குக் கூட்டிப்போனேன். கிமுராயா கடையில் அன்பான் வாங்கினோம். சிவப்புப் பயறு அரைத்து உள்ளே வைத்த பன், 1874இலிருந்து அந்தக் கடையின் அடையாளம். அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, வாயில் வைக்காமல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேல்பக்கத்தைப் பார்த்தார். விரல்நுனியில் நாலைந்து வெள்ளை மணிகளை ஒட்டியெடுத்து நாக்கில் வைத்தார்.

“தம்பி, இது கசகசாதானே?”

கசகசாதான். சந்தேகமேயில்லை.

“அப்ப என்னுது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டுப் பன்னைக் கடித்தார். ரொம்ப மெத்தென்று இருக்கிறதே, எதைப் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள் என்று இரண்டாவது பன்னின் நடுவில் கேட்டார். அரிசிச் சாராயம் காய்ச்சும் நொதியில்தான் மாவைப் புளிக்க வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் இட்லி மாவு மாதிரிதான்மா என்று சொல்லி வைத்தேன்.